அகழிச் சுவரில் அழித்த சொல்

24.8.2025, மூவார்

காலையில் கட்டில் லேசாக ஆடியது. சிகாமட்டில் நிலநடுக்கமாம். எதிர்வீட்டுச் சம்சாத் பேகம் வாசலுக்கே ஓடிவந்துவிட்டார். "அலமாக்! டீச்சர், நம்ம ஜொகூர்லகூடவா?"

அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பினால், கண்ணுக்குள் இமயமலை அடிவாரம். இருபத்தாறு வருடமாகிறது. பூமிப் பிளவின் குறுக்கே தோண்டிய அகழிக்குள் நானும், என்னோடு ஆய்வுக்கு வந்த ரூபேந்திரனும். கீழே கிடக்க வேண்டிய பழைய மண், புது மண்மேல் ஏறிக் கிடந்தது. என்றோ வந்த பெரும் நிலநடுக்கம் ஒரே தள்ளலில் செய்த வேலை. இருவரும் கத்திய கத்தல்! மைலோ டின்னை ஊரிலிருந்தே தூக்கி வந்திருந்தான், குளிரில் கலக்கிக் கொடுப்பான். எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம்.

2.9

டேராடூனிலிருந்து பிரவீனா என்ற ஆய்வு மாணவியின் மின்னஞ்சல். எங்கள் அகழிக்குப் பக்கத்திலேயே தோண்டியிருக்கிறாள். நிலநடுக்கத்தின் காலம் என் கணக்கோடு ஒத்துவரவில்லையாம். அகழிச் சுவரைப் பார்த்து அங்கேயே வரைந்த மூலப்படம் வேண்டுமாம்.

அச்சில் வந்த படம் போதாதா? என் பெயர் சொல்ல இருப்பதே அந்த ஒரு கட்டுரைதான்.

3.9

பெட்டியைத் திறந்தேன். கட்டம் போட்ட தாளில் அவனுடைய செம்மண் விரல்தடம். காலம் கணிக்க நான் எடுத்த கரித்துண்டைக் குறித்த இடத்தருகே அவன் பென்சிலால் எழுதி, நான் ரப்பரால் அழித்தது — சாய்த்துப் பிடித்தால் இன்னும் தெரிகிறது. 'வேர்'.

அன்று எவ்வளவு சொன்னான்! "பிரேமா, இது எரிஞ்ச வேரு. எங்க லாயாங் லாயாங் எஸ்டேட்ல மறுநடவுக்குத் தீ வைப்பாங்க. மேல நெருப்பு அணைஞ்சாலும் வேரு கனன்றுகிட்டே கீழ போகும். மண்ணு பழசு, கரி புதுசு. இத வச்சு வயசு சொல்லாத."

கேட்டேனா? டவுன் பிள்ளை நான், வேர் எரிந்து பார்த்ததில்லை. அதைவிட, ஆய்வேட்டுக்கு வேறு கரி கிடைக்கவில்லை. அழித்தேன். பட்டம் வந்தது. அவன் பேச்சை நிறுத்தினான். சீ, என்ன மனுஷி நான்!

4.9

படமெடுத்து அனுப்பிவிட்டேன். எதை அழித்தேன் என்றும் எழுதினேன்.

5.9

ரூபேந்திரனுக்குப் போன். எடுக்கவில்லை.

13.9, லாயாங் லாயாங்

சொல்லாமலே போய் நின்றேன். கேட்டைத் திறந்தவன் முகத்தில் ஒன்றுமில்லை. தலைதான் முழுக்க வெள்ளை.

"உள்ள வா லா, வெயில்ல நிக்காத."

மைலோ கலக்கிக் கொடுத்தான். நான் கொண்டுபோன தாளை வெகுநேரம் பார்த்தான். "அப்பல்லாம் என் கையெழுத்து நல்லா இருந்துச்சு," என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

உள்ளே போய் ஒரு பென்சில் எடுத்து வந்தான். எழுதப்போகிறான் என்று நினைத்தேன். என்னிடம் நீட்டினான்.

"நீயே எழுது."

அழித்த இடத்திலேயே எழுதினேன்.