சரி என்று சொன்ன கணக்கு

7 ஜூலை 1963, ஞாயிறு

விடாத மழை. கிங்ஸ் சர்க்கிளில் முழங்கால் தண்ணீர். என்னைப் பெண் பார்க்க மூன்று மணிக்கு வர வேண்டியவர்கள் நாலரைக்கு வந்தார்கள். பஜ்ஜி ஆறிப்போய் அம்மா இரண்டாம் ஈடு போட்டாள்.

பையன் செம்பூரில் இஞ்சினீயர். கூட அப்பா, அம்மா. ஏற்பாடு என் அத்தை. எனக்குப் பாட்டு வராது என்று முன்னாலேயே சொல்லி வைத்திருந்தாள், புண்ணியவதி.

"அப்போ பாட்டுக்குப் பதிலா கணக்கு" என்றான் அவன். மேஜைமேல் நான் திருத்த வைத்திருந்த எட்டாம் வகுப்பு நோட்டுகளைப் பார்த்துவிட்டான். காகிதம் கேட்டு எழுதினான்: 5 − 2(x − 3). சுருக்குக. தானே போட்டு, தானே உரக்கப் படித்தான். ஐந்து, மைனஸ் டூ எக்ஸ், மைனஸ் ஆறு. ஆக மைனஸ் ஒண்ணு, மைனஸ் டூ எக்ஸ்.

"சரிதானே, டீச்சர்?"

தப்பு. வெளியே நிற்கும் மைனஸ் இரண்டு உள்ளே எக்ஸையும் பெருக்க வேண்டும், மைனஸ் மூன்றையும் பெருக்க வேண்டும். மைனஸும் மைனஸும் பிளஸ். ஆறு கூடும், குறையாது. விடை 11 − 2x. தினம் தொண்டை கிழியக் கத்துவது இதைத்தான்.

வாயெடுத்தேன். அவன் முதுகுக்குப் பின்னால் அம்மா கண்ணை உருட்டினாள். கதவோரம் தங்கை கமலா. எனக்குக் கல்யாணம் ஆனால்தான் அவளுக்கு.

"சரி" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுதான் தாங்கவில்லை.

8, திங்கள்

குடைக் கம்பி உடைந்தது. சாக்பீஸ் ஈரம், எழுதவில்லை.

நோட்டு திருத்தினேன். ஒரு பெண் அச்சாக அதே தப்பு. சிவப்புப் பென்சிலை எடுத்து வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தேன். தப்பென்று பெருக்கல் குறி போட எனக்கு என்ன யோக்கியதை. கடைசியில் போட்டேன், சின்னதாக.

10, புதன்

ரவை தீர்ந்தது. டெய்லரிடம் ரவிக்கை கேட்க வேண்டும்.

அத்தை வந்தாள், மழையில் நனைந்துகொண்டு, முகமெல்லாம் பல். அவர்களுக்குச் சம்மதமாம். ஞாயிறு தட்டு மாற்ற வருகிறார்களாம். அம்மா அப்போதே சுவாமி விளக்கை ஏற்றிவிட்டாள்.

அப்புறம் அத்தை பெருமையாகச் சொன்னது: "அவன் வேணும்னே தப்பாப் போட்டானாம்டீ. படிச்ச பொண்ணு, வாயாடுவாளோன்னு பார்த்தானாம். நீ மறுத்தே பேசலே. அடக்கமான பொண்ணுன்னு அவம்மாவுக்கு ஒரே சந்தோஷம்."

தெரியாமல் தப்பாகப் போட்டான் என்றாவது நினைத்து ஆறியிருந்தேன். அதுவும் போச்சு. பரீட்சை எனக்கு. பொய் சொல்லிப் பாஸ்.

ராத்திரி சாதம் இறங்கவில்லை. தலைவலி என்றேன். அதுவும் பொய்.

11, வியாழன்

தூறல். எட்டாம் வகுப்பு, இரண்டாம் பீரியட்.

என்ன தோன்றியதோ, அதே கணக்கைப் போர்டில் எழுதி அவன் போட்ட மாதிரியே தப்பாக முடித்தேன். திரும்பி நின்று காத்தேன். ஒருத்திகூட வாய் திறக்கவில்லை. எல்லோரும் தலை குனிந்து அழகாக நோட்டில் இறக்கிக்கொண்டார்கள்.

முத்துலட்சுமி தாராவிப் பெண், கணக்கில் புலி. அவள் நோட்டிலும் அதே. உனக்குமா தெரியவில்லை என்று கேட்டேன். எழுந்து நின்று பாவாடையைத் திருகினாள்.

"தெரியும் டீச்சர். நீங்க போட்டத எப்படி டீச்சர் தப்புன்னு சொல்லுதது?"

உட்காரச் சொன்னேன். போர்டை அழித்துச் சரியாகப் போட்டேன், அவர்கள் பக்கம் திரும்பாமல். போன மாதம் ஒருத்தி குறுக்கே கேள்வி கேட்டாள் என்று பெஞ்சு மேல் ஏற்றியது நான்தானே. அவன் அம்மாவைச் சொல்ல எனக்கு வாயில்லை.

சாயங்காலம் அப்பாவிடம் எல்லாம் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்தார். "எட்டாங்கிளாஸ் கணக்குக்காக ஒரு வரனை விடறதா? கமலாவை நெனச்சுக்கோ." மறுபடி பேப்பரைப் பிரித்தார். திட்டியிருக்கலாம்.

14, ஞாயிறு

வெயில். மொட்டை மாடியில் துணி காய்ந்தது, ஒரு வாரத்துக்கு அப்புறம்.

வந்தார்கள். தேங்காய், வெற்றிலை பாக்கு, பூ. அப்பா தட்டைக் கையில் எடுத்துவிட்டார். அதற்கு முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். தைரியம் அப்போதுதான் வந்தது.

"அன்னிக்குப் போட்ட கணக்கு தப்பு. பதினொண்ணு மைனஸ் டூ எக்ஸ். எனக்கு அப்பவே தெரியும்."

அவன் சிரித்தான். தெரியுமே, சும்மா விளையாட்டுக்குத்தானே என்றான்.

"நான் விளையாட்டுக்குச் சொல்லலே. பயந்துண்டு சரின்னேன். இனிமே அப்படி வராது."

அவன் அம்மா அத்தையைப் பார்த்தாள். அடக்கமான பெண் என்று சொன்னீர்களே என்று கேட்டாள். பஞ்சாங்கத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டுச் சொல்லி அனுப்புவதாக அவன் அப்பா எழுந்தார். அத்தை காபி குடிக்காமல் அவர்கள் பின்னாலேயே போனாள்.

அப்பா தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் கூடத்தில் நின்றார். அதைத்தான் பார்க்க முடியவில்லை.

அம்மா அடுக்களைக்குள் போய்விட்டாள். பாத்திரம் மட்டும் பேசுகிறது.

கமலா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழுவாள் என்று நினைத்தேன்.

"முதல் நாளே சொல்லியிருந்தா, அப்பா இப்படித் தட்டோட நின்னிருக்க வேண்டாம் அக்கா."

சரி. அவள் சொன்னது சரி.