பத்தாம் இதழின் கடைசிப் பக்கம்

மார்ச் 3

அன்புள்ள நெட்டையனுக்கு,

நலம்தானே? நம் மயக்கவியல் ஆய்விதழுக்கு நாற்பது வயதாகிறது. சிறப்பிதழுக்காக அதன் வரலாற்றை எழுத உட்கார்ந்திருக்கிறேன். முதல் இதழை உன் வாடகை அறையில் மடித்து, முந்நூறு உறைக்கும் தபால்தலையை நக்கி ஒட்டினோமே! "டேய், இதுக்கு மேல என் நாக்கை நம்பாதே" என்று கத்தினாய். முதல் சில இதழ்களுக்குத் துணை ஆசிரியராக இருந்தவன் நீ, ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். சிரிப்பாக இருக்கட்டும்.

உன்,
குள்ளன்

மார்ச் 11

அன்புள்ள குள்ளா,

நலம். முழங்கால்தான் மக்கர் செய்கிறது. அந்தக் கோந்தின் கசப்பு எனக்கும் மறக்கவில்லை.

ஒன்பதாம் இதழைப் பற்றி எழுதுகிறாயா? நம் துறைத் தலைவர் ஒரு மயக்க மருந்தைக் குழந்தைகளுக்கு ஆபத்தில்லாதது என்று அதில்தான் எழுதினார். நம்பிக் கொடுத்தேன். ஒரே மாதத்தில் மூன்று குழந்தைகளுக்கு அறுவை மேஜையிலேயே மூச்சு நின்றது. இருவரைத்தான் மீட்க முடிந்தது. அடுத்த இதழுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பினேன். நீ போடவில்லை. அதை எழுது. நானும் ஒரு பக்கம் தருகிறேன், சிரிப்பாகவே.

நெட்டையன்

மார்ச் 19

அன்புள்ள நெட்டையா,

இன்னுமா ஆறவில்லை? பத்தாம் இதழில் இடமில்லை என்று அன்றே சொன்னேனே. இரண்டு வருடத்தில் அந்த மருந்தையே நிறுத்திவிட்டார்கள். தலைவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். நாற்பதாம் ஆண்டு விழாவுக்கு அவர் மகள் வருகிறாள், இதையெல்லாம் கிளற வேண்டுமா? மேடையில் என் பக்கத்தில் உனக்கு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். முறுக்கிக்கொள்ளாமல் வந்துவிடு.

குள்ளன்

மார்ச் 26

ஆசிரியர் அவர்களுக்கு,

இடமில்லை என்று நீங்கள் சொன்னதை நம்பி, கோபத்தில் அந்தப் பத்தாம் இதழை நான் பிரிக்கவே இல்லை. நேற்றுதான் உறையைக் கிழித்தேன். கடைசிப் பக்கத்தில் "வாசகர் குறிப்புகளுக்கு" என்று அச்சடித்திருக்கிறீர்கள். அதற்குக் கீழே வெறும் கோடுகள். எண்ணிப் பார்த்தேன், இருபத்தாறு. என் கடிதம் பதினொரு வரி. என்னிடமிருந்த நகலை அங்கே ஒட்டினேன். ஒட்டிய பிறகும் இடம் மிஞ்சியது.

இரண்டு வருடம் என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள். அத்தனை நாளும் டாக்டர்கள் நம் இதழைப் படித்துவிட்டுத்தான் அந்த மருந்தை ஏற்றினார்கள். இறந்த குழந்தையின் அப்பா என்னிடம், "நீங்க படிச்சுப் பாத்துதானே குடுத்தீங்க டாக்டர்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். நம் இதழைத்தான் படித்திருந்தேன்.

"தலைவருக்குப் பயந்துட்டேன்டா" என்று ஒரு வரி எழுதியிருந்தால், இந்த முழங்காலோடு மேடை ஏறியிருப்பேன். நாற்காலியை எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்