புளிப் பானைக்குள் சாவி

16-9-91, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். ஃபேன் சுற்றுகிறது, காற்றுதான் இல்லை. வாங்க வேண்டியது: புளி, மண்ணெண்ணெய், வீட்டுக்காரர் செ. சட்டைக்குப் பொத்தான் (வெள்ளை, நாலு).

கம்பெனியில் இன்று இருமல் மருந்து பேக்கிங். லேபிள், சீட்டு, அட்டைப்பெட்டி. கை தன்னால் ஓடும். மனசு கோட்டையில். சாப்பாட்டு மணிக்குள் அடுத்தது என்ன என்று யோசித்தாக வேண்டும்.

இந்த டைரி கம்பெனி ஏஜெண்டுகளுக்கு அடித்தது. பைண்டிங் கோணல் என்று ஒதுக்கியதில் ஒன்று எனக்கு. யாரும் படிக்கப் போவதில்லை, எழுதியே விடுகிறேன். ‘கல்மரக் கோட்டை’ படத்தின் மூன்றாம் பாகத்தை நான் பார்க்கவே இல்லை.

முதல் இரண்டும் சுங்குவார்சத்திரம் டூரிங் கொட்டாயில். முதலாவது நாலு தடவை, இரண்டாவது ஆறு. மந்திரவாதி இளவரசி பொன்வேணியைக் கல்லாக்கி, கல் கதவைச் சாத்துவான். தொடரும் என்று போட்டுவிட்டார்கள். மூன்றாவது மெட்ராசில் கொஞ்ச நாள் ஓடிப் போய்விட்டது. இந்தப் பக்கம் வரவில்லை.

ஜூலையில் வேலைக்குச் சேர்ந்தபோது தனியாகத்தான் சாப்பிட்டேன். பக்கத்து மேஜையில் ஐந்து பேர், பொன்வேணிக்கு உயிர் வந்ததா இல்லையா என்று நாலு பேருக்குள் சண்டை, மூத்தவர் மட்டும் சிரித்தபடி சாப்பிட்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? மெட்ராசில் பார்த்துவிட்டேன் என்றேன். உடனே நகர்ந்து இடம் கொடுத்தார்கள். அன்றிலிருந்து தினம் அரை மணி கதை. எல்லாம் என் சொந்தச் சரக்கு.

17-9-91, செவ்வாய்

புரட்டாசி பிறந்தாச்சு. இனி ஒரு மாதம் கருவாடு கிடையாது. செ. முகம் வாடிவிட்டது, பாவம்.

கதையில் இப்போது கோட்டைச் சமையல்காரிதான் எல்லாம். மந்திரவாதிக்குத் தினமும் சோறு போடுகிறவள். கல் கதவின் சாவியைப் புளிப் பானைக்குள் ஒளித்து வைத்திருக்கிறாள். இன்று அந்தப் பானைக்குள் கைவிட்டாள். மணி அடித்துவிட்டது.

அந்த ஐந்து பேரில் ருக்குவுக்குத்தான் வாய் சும்மா இராது. “இன்னாக்கா, எம்மா நேரம் படம் இது? ரெண்டு மாசமா ஓடிக்கினே கீதே.” மெர்சி அக்காதான் அதட்டினார், கேட்பதானால் கேள், இல்லாவிட்டால் டப்பாவைக் கழுவு என்று. எங்கள் மேஜையில் அவர்தான் பெரியவர், பதினோரு வருட சர்வீஸ். அவர் சொன்னால் மறுபேச்சு இல்லை. நல்லவேளை.

19-9-91, வியாழன்

செ. பட்டறையிலிருந்து சீட்டி அடித்துக்கொண்டே வந்தார். ஸ்ரீபெரும்புதூர் வீடியோ கடையில் கோட்டை மூன்றாம் பாகம் கேசட் வந்திருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமைக்கு டெக்கும் கலர் டிவியும் வாடகைக்குச் சொல்லிவிட்டாராம். போதாததற்கு கம்பெனி வாசலுக்கே போய், ஷிப்ட் விட்டு வந்த மெர்சி அக்காவிடம் ஐந்து பேரையும் வரச் சொல்லியாச்சு. “உனுக்கு அந்தப் படம்னா உசுராச்சே. உன் சிநேகிதிங்களோட குந்திப் பாரு.”

எனக்காக ஆசை ஆசையாகச் செய்த மனுஷன். என்னவென்று சொல்வேன்? சிரித்தேன். உள்ளே போய் அரிசி களைந்தேன். இரண்டு தடவை களைந்தேன்.

20-9-91, வெள்ளி

தப்பிக்க வழிகள்:
1. வயிற்று வலி. (வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள்.)
2. கரண்ட் போக வேண்டும். (வேண்டாத நேரத்தில்தான் போகும்.)
3. உண்மையைச் சொல்வது.

மூன்றாவதை நினைத்தால் அந்தத் தனி மேஜை கண்ணில் வருகிறது. குழாய்க்குப் பக்கத்தில், ஈரத் தரை. மறுபடி அங்கே உட்கார முடியாது என்னால்.

இதில் கூத்து என்னவென்றால், படம் பார்க்க எனக்கும் ஆசை. இரண்டாம் பாகத்தில் பறந்து போன கருடன் திரும்ப வருமா?

21-9-91, சனி

முதல் சனி. பெருமாளுக்குத் தளிகை, வடை. சாயங்காலம் ஒரு மழை, ஐந்து நிமிடம், மண்ணை நனைத்ததோடு சரி. செ. கேசட் கொண்டுவந்தார். ஓரத்தில் செல்லோடேப் ஒட்டியிருக்கிறது. உடைந்ததை ஒட்டியிருப்பார்கள் என்றார்.

22-9-91, ஞாயிறு

பத்து மணிக்கெல்லாம் ஐந்து பேரும் ஆஜர். குன்றத்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார் மெர்சி அக்கா. எங்கள் வீட்டில் புரட்டாசி என்று முட்டை போடாத கேக், தனியாகச் செய்து கொண்டுவந்திருக்கிறார்.

படம் ஆரம்பித்துக் கால் மணி. இளவரசன் வாளால் தொட்டான், பொன்வேணி எழுந்துவிட்டாள். என் இரண்டு மாதம் அவ்வளவுதான். சமையல்காரியும் இல்லை, பானையும் இல்லை. ருக்கு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் டிவியைப் பார்த்தேன். ஆனாலும் கருடன் பறந்து வந்தபோது என்னை மறந்து கை தட்டிவிட்டேன். என்ன அழகு, கலரில்!

கடைசிச் சண்டை. மந்திரவாதி வாயைத் திறக்கிறான், திரையில் கோடு கோடாக ஓடி, யார் வீட்டுக் காதுகுத்தோ வந்துவிட்டது. அந்தக் கடைக்காரரே விசேஷங்களுக்கு வீடியோவும் எடுக்கிறவர். செல்லோடேப் எதற்கென்று இப்போது புரிந்தது, ஓரத்து ஓட்டையை மூடினால் பழைய படத்தின் மேலேயே பதிவு செய்யலாம். செ. தலையில் கை வைத்தார். இவர்களோ காதுகுத்தை உட்கார்ந்து பார்க்கிறார்கள். பந்தியில் நம் கம்பெனி கேண்டீன்காரர் மூன்றாவது ஜாங்கிரி கேட்கிறார். சிரித்துச் சிரித்து வயிறு வலி.

சிரிப்பு அடங்கியதும் ஐந்து பேரும் என் பக்கம் திரும்பினார்கள். இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது?

“நான் இந்தப் படத்தப் பாக்கவே இல்லக்கா. எல்லாம் நானா சொன்னது.”

அழுதுவிட்டேன். மெர்சி அக்கா கேக் துண்டைக் கீழே வைத்தார்.

“நான் பாத்துட்டேன் வசந்தி. பெரம்பூர்ல எங்க நாத்தனார் வூட்டாண்ட, சித்திரையிலயே. நீ வாயத் தொறந்த மொத நாளே தெரியும்.”

பின்னே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொன்னா நிறுத்திடுவியே. அத வுடு. அந்த சமையல்காரி கதவத் தொறந்தாளா, இல்லியா?”

செ. வாசற்படியிலிருந்து, “எந்த சமையல்காரி? நீ மெட்ராசுக்கு எப்போ போன?” என்றார். மறுபடி சிரிப்பு. ருக்கு மட்டும் சிரிக்கவில்லை. ஏமாற்றிவிட்டேன் என்று கோபம். நியாயம்தான்.

23-9-91, திங்கள்

நல்ல வெயில். இன்று மாத்திரை பேக்கிங். பொத்தான் இன்னும் தைக்கவில்லை.

சாப்பாட்டு மேஜையில் என் இடம் அப்படியே இருந்தது. ருக்கு அந்தப் பக்கமாகத் திரும்பிச் சாப்பிட்டாள். சமையல்காரி சாவியைத் துடைத்துக் கதவில் போட்டபோது ஸ்டூலோடு நகர்ந்து வந்தாள். கதவு திறந்தது. உள்ளே என்ன என்று எனக்கே தெரியாது. இன்னொரு கதவு வைத்துவிட்டேன்.