நீ அவுட் என்று சொன்ன பந்து

மாப்ள,

நேற்று விளாங்குடி தாண்டி ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மண்டபத்துக்குப் பின்னால் கார் நிறுத்தும் இடத்தில் புழுதி அடங்க டேங்கர் லாரியில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள். நம் கிளப்பின் டென்னிஸ் கோர்ட் இருந்த இடம் அது. செம்மண் நனைந்த வாசனை வந்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இலை போட்ட பிறகும் பந்தியில் உட்கார முடியாமல் எழுந்துவிட்டேன். வீடு வந்து சேரும்வரை என் மனைவி திட்டினாள்.

எழுபதுகளில் பொங்கல் முடிந்த கையோடு அங்கே போட்டி நடக்கும். திருச்சியிலிருந்தும் கோவையிலிருந்தும்கூட ஆட வருவார்கள். மெம்பர்கள் எல்லாம் மில் அதிகாரிகள், டாக்டர்கள். வாடிப்பட்டியில் வயலும் கிணறுமாக வளர்ந்த நாம் இருவரும் பேங்க் வேலை கிடைத்த தைரியத்தில் உள்ளே நுழைந்தோம். "ஒருத்தனுக்கொருத்தன் விட்டுக்குடுத்து ஆடக் கூடாது மாப்ள, சிரிப்பாங்க" என்றாய் முதல் நாளே. நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற பயம் உனக்கு எப்போதும் உண்டு.

அந்த கிளப்பில் தோற்றவன் உடனே வீட்டுக்குப் போக முடியாது. அடுத்த ஆட்டத்துக்கு அவன்தான் அம்பயர். அரையிறுதியில் என்னிடம் தோற்ற நீ, இறுதி ஆட்டத்துக்கு உயர நாற்காலியில் ஏறினாய். எனக்கு எதிரே, வருஷா வருஷம் கோப்பையை வீட்டுக்குக் கொண்டுபோகும் மில் மேனேஜர். கடைசி செட்டில் ஒரே ஒரு பாயிண்ட் கிடைத்தால் கோப்பை எனக்கு. அவருக்கு எட்டாத மூலையைப் பார்த்து அடித்தேன். பந்து கோட்டைத் தொட்டதாகத்தான் எனக்குப் பட்டது.

"அவுட்" என்றாய்.

"மாப்ள, நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன். ஆடு."

மண்ணில் தடம் இருக்கும் என்று ஓடினேன். அதற்குள் மேனேஜர் அதை மிதித்துவிட்டார். அப்புறம் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தோற்றேன்.

அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அந்த வருஷம் மழை பொய்த்தது. கிளப் கிணறு வற்றி, கோர்ட்டுக்குத் தெளிக்கத் தண்ணீர் இல்லாமல் மண் பாளம் பாளமாக வெடித்தது. போட்டியை நிறுத்தினார்கள். மெம்பர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். பிறகு இடமும் கைமாறியது.

நாம் பழகுவதை விடவில்லை. உன் மகள் கல்யாணத்தில் நான்தான் பந்தி பார்த்தேன். ஆனால் என்னிடம் தோற்ற வயிற்றெரிச்சலில்தானே அவுட் கொடுத்தாய் என்று மனசுக்குள் எத்தனையோ தடவை உன் சட்டையைப் பிடித்திருக்கிறேன். வாய்விட்டுக் கேட்டதில்லை.

கோரிப்பாளையம் ஆஸ்பத்திரியில் கடைசியாகப் படுத்திருந்தபோது நீயே ஆரம்பித்தாய்.

"அன்னைக்கு நான் பந்தைப் பாக்கவே இல்ல மாப்ள. அடிச்ச ஒடனே ஜெயிச்சுட்டோம்னு ஒம் மூஞ்சில அம்புட்டு சந்தோசம். அதையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன். தெரியலன்னு சொல்ல வெக்கம். உள்ளன்னு சொன்னா, கூட்டாளிக்குக் குடுத்துட்டான்னு பேசுவாங்க."

"பேசாமப் படு" என்றேன். மறுநாள் நீ இல்லை.

பந்து எங்கே விழுந்தது என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. கோபமாவது மிச்சம் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கிறேன், அதுவும் இல்லை. இத்தனை வருஷம் பிடித்துக்கொண்டு நின்றது அதைத்தான். இப்போது தூக்கம் வராமல் புரளும்போதெல்லாம் அந்த ஒரு நொடிதான் வந்து நிற்கிறது. நான் ஜெயித்துவிட்டேன் என்று என்னைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். நான் உன் பக்கம் திரும்பவே இல்லை, பந்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.