அம்பாசடரைத் திருப்பி அனுப்பிய ஊர்

குற்றாலம்,
ஆனி மாதம், 2022.

லிதுவேனியா தேசத்தில் லாரி ஓட்டும் என் வீட்டுக்காரர் மாடக்கண்ணு அவர்களுக்கு, பழக்கடை முப்பிடாதி எழுதுவது. நானும் மகள் மஞ்சுவும் நலம். உங்கள் இடுப்பு வலியும் நலமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். சித்திரையில் நீங்கள் போனில், "ஏட்டி, உக்ரைன்ல ரஷ்யாக்காரன் பண்ணுத அநியாயத்தப் பாத்துட்டு, இங்கன உள்ள ரஷ்யா அம்பாசடரத் திருப்பி அனுப்பிட்டாவ" என்றீர்கள் அல்லவா? நான் அம்பாசடர் கார் என்று நினைத்துவிட்டேன். ரஷ்யாக்காரன் கொடுத்த பழைய காரை ரோஷப்பட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். டீசல் வண்டியா, பெட்ரோல் வண்டியா என்று ஒருவர் கேட்டார். டீசல் என்று சொல்லி அனுப்பினேன். மஞ்சுதான் சிரித்து முடித்துவிட்டு, "யம்மா, அது தூதரு" என்றாள்.

தூதர் என்று தெரிந்த பிறகு மரியாதை இன்னும் கூடிவிட்டது. நம் பழைய திருநெல்வேலி ஜில்லா சனம்கூட அந்த நாட்டில் இல்லையாமே. பக்கத்தில் அவ்வளவு பெரிய ஆள். அடி வாங்கியது தன் வீடுகூட இல்லை. இருந்தும், உன் ஆள் என் வாசலில் இருக்க வேண்டாம் என்று சொல்ல எத்தனை நெஞ்சுரம் வேண்டும். ரஷ்யத் தூதர் ஆபீஸ் இருக்கும் ரோட்டுக்கே உக்ரைன் வீரர்கள் பேரை வைத்துவிட்டார்கள் என்றும் மஞ்சு பார்த்துச் சொன்னாள். இனி அந்த ஆபீசுக்கு யார் கடிதம் போட்டாலும் அந்தப் பேரை எழுதித்தானே ஆக வேண்டும். கையை ஓங்காமல் தினமும் ஒரு குட்டு. அந்த ஊர்ப் பொம்பளை யாராவதுதான் யோசித்திருப்பாள்.

இப்படிப் பிடித்துப்போனதால் ஒரு வினை வந்தது. போனில் சொன்னால் நடுவில் கத்துவீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

ஐந்தருவி ரோட்டில் நம் கடைக்கு எதிரே சைதூன் பீவி அக்கா மங்குஸ்தான் விற்பாளே, அந்த இடத்தை நமக்குப் பழம் போடும் மொத்த வியாபாரி ஆறுமுகநயினார் அண்ணாச்சி தார்ப்பாய் கட்டிப் பிடித்துக்கொண்டார். அக்கா கூடையோடு சாரலில் நின்றாள். யாரும் வாய் திறக்கவில்லை. அந்தச் சூட்டோடு அண்ணாச்சி மகள் கல்யாணத்துக்கு அழைக்க வெற்றிலைத் தட்டோடு வந்தார். வெற்றிலையை எடுத்தால் வருகிறோம் என்று வாக்குக் கொடுத்ததாகிவிடும். எனக்கு உங்கள் லிதுவேனியா ஞாபகம் வந்துவிட்டது. தட்டை அவர் பக்கமே நகர்த்தி, "புள்ள நல்லா இருக்கட்டும் அண்ணாச்சி. சைதூன் அக்கா எடத்த விட்டுட்டு வாங்க, வெத்தலைய நானே ஓடி வந்து எடுத்துக்கிடுதேன்" என்றேன்.

"நாளைக்கு ஒனக்குப் பழம் எங்கன இருந்து வரும்னு யோசிச்சியா தாயி?" என்று கேட்டார்.

"மரத்துல இருந்துதான் அண்ணாச்சி" என்றேன்.

அதோடு அவர் பழம் நின்றுவிட்டது. முதல் பஸ்ஸில் செங்கோட்டைக்குப் போய்த் தூக்கிவருகிறேன். அக்கா நம் கடையின் பாதியில் உட்கார்ந்துகொண்டு, "ஏட்டி, அழுகினத மேல வைக்காத" என்று என்னையே வேலை வாங்குகிறாள். பக்கத்துக் கடை ஆனந்தவள்ளியும் வெற்றிலையைத் தொடவில்லை. அண்ணாச்சி இன்னும் தார்ப்பாயை அவிழ்க்கவில்லை. இந்தச் சீசன் கையை விட்டுப் போனால் வருஷம் முழுக்கக் கஷ்டம்தான்; தெரிந்துதான் செய்தேன். உங்களைக் கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்பீர்கள்.

போன வாரம், சண்டை உங்கள் பக்கமும் வந்துவிடும் என்று பயந்து, "எல்லாத்தயும் போட்டுட்டு வந்துருங்க" என்று போனில் அழுதேனே, அதை மறந்துவிடுங்கள். அப்படிப்பட்ட சனத்தோடு இருந்துவிட்டுப் பாதியில் ஓடிவந்தால் நன்றாக இருக்காது. ஒப்பந்தம் முடித்தே வாருங்கள். ஆனால் எல்லைப் பக்கம் லோடு என்றால் இடுப்பு வலி என்று சொல்லிவிடுங்கள். பொய் இல்லை, சாமி குற்றம் வராது. குழல்வாய்மொழி அம்மன் உங்களை முழுசாகத் திருப்பித் தரட்டும்.

உங்கள் கடையையும் பேரையும் காத்துக்கொண்டிருக்கும்,
முப்பிடாதி.

பின்குறிப்பு: கல்யாணம் நேற்று நடந்தது. நம் வீட்டிலிருந்து யாரும் வர மாட்டார்கள் என்று ஐந்தருவி ரோடு முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன். உங்கள் அண்ணன் இசக்கிதுரை போயிருக்கிறார். "மாடக்கண்ணு குடும்பத்தார் சார்பாக" என்று அவர் வைத்த மொய்யை மைக்கில் வாசித்தார்களாம். பாயசம் இரண்டு தடவை வாங்கினாராம்.