பதிவேட்டில் இல்லாத இருவர்

அன்புள்ள அம்மாவுக்கு,

'நீ' என்று எழுதுவதா, 'நீங்கள்' என்று எழுதுவதா, தெரியவில்லை. அப்பா பக்கத்து அறையில் படுத்திருக்கிறார்.

உதவித்தொகைக்கு உன் இறப்புச் சான்றிதழ் வேண்டும் என்று பள்ளியில் கேட்டார்கள். அப்பாவிடம் சொன்னதும் எரிந்து விழுந்தார். அதனால் இன்று அவருக்குத் தெரியாமல் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். எனக்கு இரண்டு வயதாகும்போது நீ காய்ச்சலில் இறந்துவிட்டதாகத்தான் அவர் சொல்லியிருக்கிறார். எழுத்தர் அக்கா அந்த வருடத்து இறப்புப் பதிவேட்டையும் முன்பின் வருடங்களுடையதையும் புரட்டினார்.

"உங்கம்மா பேரே இல்லையேம்மா. சரி, உன் பேரைச் சொல்லு, விண்ணப்பத்துல எழுதணும்."

சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"போன மாசம் ஒரு அம்மா இதே பேருக்கு இறப்புச் சான்றிதழ் கேட்டாங்க. ரெண்டு வயசுப் பொண்ணு காய்ச்சல்ல போயிடுச்சுன்னு புருஷன் கடுதாசி போட்டாராம். அதுவும் இங்க இல்ல. 'இன்னொரு தடவை பாரும்மா'ன்னு கெஞ்சினாங்க."

அந்த விண்ணப்பத்தை எடுத்துக் காட்டினார். அதில் உன் பெயர் இருந்தது. இறந்தவர் என்ற இடத்தில் என் பெயரும், என் பிறந்த தேதியும். உன் முகவரியை உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

அம்மா, நான் சாகவில்லை. பத்தாவது படிக்கிறேன். உறையின் பின்னால் பள்ளி முகவரி இருக்கிறது. பதிலை அங்கே போடு. வீட்டுக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
உயிரோடு இருக்கும் உன் மகள்