திரும்பி வரும் அம்புக்குறி

நான் கடலில் குதிக்கப் போவதாகத் தெருவில் பேச்சு. தவறு. கரையிலிருந்து நடந்து இறங்கப் போகிறேன். பக்கத்து வீட்டு அம்மா நேரிலேயே கேட்டுவிட்டார்: "ஏம்மா, ஐயா போன துக்கத்துல கடல்ல விழப் போறீங்களாமே?"

"விழறதுக்கு எதுக்கும்மா முதுகுல காத்து சிலிண்டர்?"

"அடியம்மா, சிலிண்டர் வேறயா!" என்று போனவர், இந்நேரம் சூளகிரி வரை சொல்லி முடித்திருப்பார்.

இன்று பையில் வைக்க உங்கள் முகக்கண்ணாடியை எடுத்தேன். ரப்பரில் குளோரின் வாசனை இன்னும் இருக்கிறது. சிலிண்டர் கட்டி மூழ்கப் பழக ஞாயிறுதோறும் முதல் பேருந்தில் பெங்களூரு நீச்சல்குளத்துக்குப் போவோமே, அந்த வாசனை. தண்ணீருக்கடியில் நான் மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். பயிற்சியாளர் எத்தனை முறை சொல்லியும் வரவில்லை. நீங்கள்தான் என்னை மேலே அழைத்து வந்து, "ஏம்மா கான்வென்ட்டு, மூச்ச அடக்காத. என்னத் திட்டறதா நெனச்சுக்கோ, தானா வரும்" என்றீர்கள். வந்தது.

தூத்துக்குடிப் பக்கம் கரையிலிருந்து கடலுக்குள் நீளும் படகுத்துறைப் பாலம், இரண்டு ஆள் ஆழம், தூண்களைச் சுற்றி மீன் கூட்டம் என்று பயிற்சியாளர் சொன்ன அன்றே நீங்கள் படம் வரைய உட்கார்ந்துவிட்டீர்கள். தொழிற்சாலையின் வரைபடப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றும் பென்சிலுக்கு ஓய்வில்லை. படத்தில் ஒரே அம்புக்குறி: இந்தப் பக்கம் இறங்கி, நீரோட்டத்தோடு போய், பாலத்துக்கு அப்பால் கரையேறுவது. "தண்ணி கூடவே போயிட்டா பாதி வேல மிச்சம்" என்றீர்கள். அதற்குள் நீங்கள் மட்டும் போய்விட்டீர்கள்.

போன ஞாயிறு அந்தப் படத்தைப் பயிற்சியாளரிடம் காட்டினேன். தூத்துக்குடிக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "அம்மா, இது ஆத்துக்குப் போட்ட படம்லா! இங்க தண்ணி ஒரு பக்கமா போவும், செத்த நேரம் நிக்கும், பெறவு திரும்பி வரும்."

காவேரிப்பட்டணத்தில் தென்பெண்ணை ஆற்றில் நீந்தி வளர்ந்தவருக்குத் தண்ணீர் திரும்பி வரும் என்று எப்படித் தோன்றும்? எதையும் திருத்தாமல் விடாத நானும் அன்று தலையாட்டியிருக்கிறேன். நான் கண்ட ஆறும் அதுதானே.

ஆகவே திட்டம் மாறுகிறது. நீர் நிற்கும் வேளையில் பயிற்சியாளரும் நானும் இறங்குவோம். இரண்டாம் தூண் வரை போய், போன வழியே திரும்பி, இறங்கிய இடத்திலேயே கரையேறுவோம். மருத்துவர் சம்மதித்துவிட்டார். புதன்கிழமை பயணம். பள்ளிச் சுற்றுலாவுக்கு முதல்நாள் போலக் காலையிலிருந்து பையைக் கட்டுவதும் பிரிப்பதுமாக இருக்கிறேன். மூச்சு அடைத்தால் உங்களைத் திட்டிக்கொள்வேன். விஷயத்துக்குப் பஞ்சமில்லை.

உங்கள் அம்புக்குறியை அழிக்கவில்லை. அதன் பக்கத்தில், திரும்பி வரும் அம்புக்குறி ஒன்றை வரைந்திருக்கிறேன். வரைந்தவர் ஒப்புதல் இல்லாமல் படத்தில் யாரும் கை வைக்கக் கூடாது என்பீர்கள். வாய்வார்த்தை உங்கள் பிரிவில் செல்லாது.

நான் திரும்பி வருவதில் உங்களுக்குச் சம்மதம்தானா? எழுத்தில் பதில் தரவும்.